இரண்டு சின்னப் பிள்ளைகளோடு கூடுவாஞ்சேரியா, செங்கல்பட்டா?

விருகை_அம்மா:
வணக்கம். இப்போது விருகம்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு படுக்கையறை வீடு, மாதம் 24,000. கணவருக்குக் கிண்டியில் வேலை, எனக்கு நுங்கம்பாக்கத்தில். இருவருக்கும் காலை 9.30க்கு அலுவலகம். பெரியவனுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். சின்னவளுக்கு ஒன்றரை வயது. கூடுவாஞ்சேரியில் இதே அளவு வீடு 13,000க்குக் கிடைக்கிறது. செங்கல்பட்டில் இன்னும் குறையும் என்கிறார்கள். தினமும் ரயிலில் போய்வருவது கைக்குழந்தை உள்ள வீட்டுக்குச் சரிவருமா? வீடு பார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? வாடகை எதற்கு, கையோடு மனை வாங்கிவிடுங்கள் என்று புரோக்கர் நெருக்குகிறார். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

தண்டவாளம்:
வாடகைக் கணக்கு அப்புறம். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

நுங்கம்பாக்கத்தில் ஏறினால் கூடுவாஞ்சேரிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், செங்கல்பட்டுக்கு ஒன்றரை மணி நேரம். கிண்டியில் ஏறினால் கால் மணி நேரம் குறையும். இது வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும், அல்லது நின்றிருக்கும் நேரம் மட்டும்தான். அலுவலக வாசலில் இருந்து பிளாட்பாரம் வரை, வண்டிக்காகக் காத்திருப்பது, இறங்கி மேம்பாலம் ஏறி வெளியே வருவது, ஷேர் ஆட்டோ நிரம்பும் வரை அதில் உட்கார்ந்திருப்பது என்று ஒரு பக்கத்துக்கு 40, 50 நிமிடம் தனியாகப் போகும்.

வீடு பார்க்க வருகிறவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. கிண்டியில் நின்று பார்த்தால் ஓயாமல் வண்டி வருவது போலத் தெரியும். அதில் பல வண்டிகள் தாம்பரத்தோடு திரும்பிவிடும். தாம்பரம் தாண்டிப் போகிறவர்களுக்கு அது உதவாது. செங்கல்பட்டு வண்டிகளை மட்டும் எண்ணுங்கள். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான அட்டவணை. தாம்பரம் வண்டியில் போய் அங்கே மாறலாம், ஆனால் உட்கார இடம் கிடைக்காது.

இடம் கிடைப்பதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கிறது. செங்கல்பட்டில் வண்டி புறப்படுவதால் காலையில் ஜன்னலோரம்கூடக் கிடைக்கும். மறைமலைநகரில் பாதி நிரம்பியிருக்கும். கூடுவாஞ்சேரியில் நின்றுகொண்டுதான் போக வேண்டும். ஆக, செங்கல்பட்டுக்காரர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து போகிறார், கூடுவாஞ்சேரிக்காரர் ஒரு மணி நேரம் நின்று போகிறார். முதுகுவலி உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மாலையில் இரண்டு பேருக்கும் நின்றபடிதான் பயணம். மகளிர் பெட்டி பிளாட்பாரத்தில் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று இரண்டு நாள் கவனித்து வைத்துக்கொண்டால் கடைசி நேர ஓட்டம் மிச்சம்.

சீசன் டிக்கெட்டில் மூன்று மாதத்துக்கு எடுத்தால் 2.7 மாதக் கட்டணம், ஆறு மாதத்துக்கு 5.4, ஒரு வருடத்துக்கு 10.8. பழகும் வரை மாதச் சீசனே போதும். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஏ.சி. மின்சார ரயிலும் இதே தடத்தில் ஓடுகிறது. சாதாரண சீசனை வைத்து அதில் ஏற முடியாது. நாளுக்குச் சில நடைதான் என்பதால் அதை நம்பி வீடு பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காக வண்டிகளைக் குறைப்பதும் வழக்கம். 2024 ஜூலை, ஆகஸ்டில் தாம்பரம் யார்டு வேலை நடந்தபோது நிறைய வண்டிகள் ரத்தாயின. அப்படிப்பட்ட நாளுக்கு ஜி.எஸ்.டி. ரோடு (சென்னை-திருச்சி நெடுஞ்சாலை) வழியே பஸ்ஸில் போக எவ்வளவு நேரமாகும் என்றும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. நுங்கம்பாக்கம் அலுவலகத்தில் இருந்து மாலை 6 மணிக்குக் கிளம்பினால் 6.15க்குப் பிளாட்பாரம், செங்கல்பட்டு வண்டி 6.30க்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுவாஞ்சேரியில் 7.30, வீட்டு வாசலில் 7.50. கிண்டிக்காரர் அதே வண்டியைப் பிடித்தாலும் அதே 7.50தான். 7 மணிக்கு மூடும் குழந்தைகள் காப்பகம் உங்களுக்கு உதவாது. தாத்தா பாட்டி கூட இல்லையென்றால், இருவரில் ஒருவர் அலுவலகத்தில் 8 முதல் 4.30 வரை என்று நேரத்தை மாற்றி வாங்கியாக வேண்டும். அது எழுத்தில் கிடைத்த பிறகு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள். பகல் 12 மணிக்குப் பள்ளியில் இருந்து 'பையனுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போங்க' என்று போன் வந்தால் இரண்டு பேருமே ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருப்பீர்கள். அந்த நேரத்தில் பிள்ளையைக் கூட்டிவர நம்பகமான ஒருவர் அதே ஊரில் வேண்டும். பெயரும் புகைப்படமும் பள்ளியில் பதிவாகியிருக்க வேண்டும்.

ஊற்றுநீர்:
வீடு பார்க்கிறதைப் பத்தி மட்டும் நான் சொல்றேன் மேடம்.

முதல்ல தண்ணி. இந்தப் பக்கம் பெரும்பாலும் போர் தண்ணிதான். கையில ஒரு டி.டி.எஸ். மீட்டர், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்கிற கருவி, வச்சுக்கோங்க. 500க்குள்ள இருந்தா நல்லது. வேற வழியே இல்லாத இடத்துல 2,000 வரை போகலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது, ஆனா 1,200 தாண்டின வீட்டுல ஹீட்டர் காயிலும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் கெடும். மீட்டர் இல்லையா, பாத்ரூம் குழாயோட வாயைப் பாருங்க. வெள்ளையா சுண்ணாம்பு கட்டி, தண்ணி நேரா விழாம நாலு பக்கமும் சிதறினா உப்பு ஜாஸ்தின்னு அர்த்தம். புதுசா பெயின்ட் அடிச்ச வீட்டுலயும் ஷவர் தலையை மாத்தியிருக்க மாட்டாங்க. அதைக் கழட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இன்னொண்ணும் முக்கியம். மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. போர் குழிக்குப் பக்கத்துலயே செப்டிக் டேங்க் இருந்தா, 150 காட்டினாலும் அந்தத் தண்ணியைக் காய்ச்சாம கொடுக்கக் கூடாது. பாதாளச் சாக்கடை வராத தெரு நிறைய இருக்கு, அங்கெல்லாம் செப்டிக் டேங்க்தான். மழைக்காலத்துல நிலத்தடி நீர் ஏறினா டேங்க் நிரம்பி, கீழ்த்தள டாய்லெட்ல தண்ணி இறங்காம எதிர்த்து வரும். 'கடைசியா எப்போ லாரி வெச்சு எடுத்தீங்க, காசு யார் குடுக்கணும்'னு ஓனர்கிட்டயே கேட்டுடுங்க. சம்ப் (தரைக்கு அடியில இருக்கிற தண்ணித் தொட்டி) மூடி தரையோட தரையா இருக்கா, அரை அடியாவது தூக்கிக் கட்டியிருக்கான்னு குனிஞ்சு பாருங்க. தரையோட இருந்தா தெருத் தண்ணி நேரா குடிக்கிற தண்ணியில கலக்கும்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு ஏறினது எல்லாருக்கும் தெரியும். கூடுவாஞ்சேரியிலயும் ஏரிக்குக் கீழ இருக்கிற நகர்கள்ல நிக்கும். 'இங்க தண்ணியே வராது'ன்னு புரோக்கர் சொல்றதை விட்டுட்டு தெருவைப் பாருங்க. காம்பவுண்ட் சுவர்ல ஒரே மட்டத்துல பழுப்புக் கோடு ஓடுதா, இ.பி. மீட்டர் பெட்டியை வழக்கத்தைவிட உயரத்துல மாத்தியிருக்காங்களா, அக்கம்பக்கத்துல புது வீடெல்லாம் நாலடி தூக்கிக் கட்டி இருக்கா? இருந்தா அதுதான் பதில். பால் போடுறவரையும் இஸ்திரி போடுறவரையும் கேளுங்க. மழை நாள்ல எந்தத் தெருவுக்குள்ள வண்டி போகாதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். முடிஞ்சா முதல் மாடி எடுங்க. ஆனா மேல மொட்டை மாடி மட்டும் இருந்தா ஏப்ரல், மே-ல அனல் இறங்கும், குழந்தை தூங்காது.

கரண்ட் பத்தி ஒண்ணு. உங்க போர்ஷனுக்குத் தனி சர்வீஸ் நம்பர் இருக்கான்னு பாருங்க. சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வாங்குற வீட்டுல, இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வந்து சேராது.

மனை விஷயம் இப்போ வேணாம். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையை வாடகை வீட்டுல இருந்து பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. வாங்குற நாள் வந்தா 30 வருஷ வில்லங்கம், பட்டா, மனைப்பிரிவுக்கு சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. (நகரமைப்பு அலுவலகங்கள்) கொடுத்த அங்கீகார எண், இது மூணும் இல்லாம டோக்கன் அட்வான்ஸ்கூடக் குடுக்காதீங்க. விலைக்கு மேல முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் ஆகும்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

விருகை_அம்மா:
இருவருக்கும் நன்றி. காப்பகம் மூடும் நேரத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை. அலுவலகத்தில் நேரம் மாற்றித் தரக் கேட்கிறேன். பள்ளி மாற்றம், தடுப்பூசி, ரேஷன், காஸ் இவற்றில் எதை எப்போது செய்ய வேண்டும்? வாடகையில் மிச்சமாகும் 11,000ம் கையில் நிற்குமா?

ஏட்டுக்கணக்கு:
முழுதாக நிற்காது. பழைய வருமான வரி முறையில் இருக்கிறீர்களா, புதியதிலா என்று முதலில் பாருங்கள். பழையதில் இருந்தால் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு உண்டு. அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால், 24,000 வாடகையில் அதன் பத்து சதவீதமான 5,000 போக 19,000 வரை விலக்கு. வாடகை 13,000 ஆனால் விலக்கு 8,000ஆக இறங்கும். கூடுதலாக 11,000 வரிக்குள் வரும். 20 சதவீத வரம்பில் செஸ் சேர்த்து மாதம் 2,288 ரூபாய். மிச்சம் 8,700 சொச்சம்தான். அதில் இரண்டு சீசன், ஸ்டேஷனில் வண்டி நிறுத்தக் கட்டணம், ஷேர் ஆட்டோ, தண்ணீர் கேன், கூடுதல் நேரத்துக்குக் காப்பகம் கேட்கும் பணம் எல்லாம் போகும். இந்த விலக்குக்கு, வீடு சென்னைக்குள் இருந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் உச்சவரம்பு. வீடு கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டில் இருந்தால் 40 சதவீதம். அலுவலகம் எங்கே என்பது இதில் கணக்கில்லை. புதிய முறையில் இருந்தால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவையில்லை, 11,000 அப்படியே மிச்சத்தில் வரும்.

பள்ளிக்கு: மாற்றுச் சான்றிதழ் வாங்கினால் மட்டும் போதாது. பையன் பெயர் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பட்டியல்) பதிவில் இருந்தால், பழைய பள்ளி அதைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் புதிய பள்ளியால் அவனைத் தங்கள் பட்டியலில் ஏற்ற முடியாது. கட்டண பாக்கி இருந்தால் இங்கேதான் இழுபடும். சான்றிதழ் வாங்கும் அன்றே எமிஸ் எண்ணையும் எழுதி வாங்கிவிடுங்கள். சேர்க்கையை வைத்துப் பார்த்தால் ஏப்ரல், மே மாதங்கள் வசதி. ஆனால் ஊற்றுநீர் சொன்னதுபோல் தெருவின் நிலை நவம்பரில்தான் தெரியும். நவம்பரில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய்த் தெருவைப் பார்த்து வையுங்கள், மே மாதம் குடிபோகலாம்.

சின்னவளுக்கு 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் வரும். வீடு மாறும் பரபரப்பில் தவறிப்போவது இதுதான். முடிந்தால் இங்கேயே போட்டுவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் தாய் சேய் நல அட்டையோடு அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு புதன்கிழமை போங்கள். அட்டையைச் சாமான் மூட்டைக்குள் வைக்காமல் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்.

ரேஷன் அவசரமில்லை. தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம், முகவரியை நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். காஸுக்கு இப்போதுள்ள ஏஜென்சியில் முகவரி மாற்றம் கேளுங்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் திருப்பித் தரச் சொன்னால் வைப்புத்தொகை ரசீதை வாங்காமல் நகராதீர்கள். புது இணைப்பு வர ஒரு வாரம் ஆகலாம், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு கையில் இருக்கட்டும். வாடகை ஒப்பந்தத்தில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்டால் பேசிக் குறையுங்கள். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை, மூன்று மாதம்தான் என்கிறது. காலி செய்ய ஒரு மாத நோட்டீஸ் போதும் என்று எழுதி வாங்குங்கள். மழையில் வீடு ஒழுகினால் அந்த ஒரு வரிதான் உங்களை வெளியே கொண்டுவரும்.

தண்டவாளம்:
எந்த ஊர் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. நுங்கம்பாக்கம் வேலை தொடரும் வரை செங்கல்பட்டு வேண்டாம். போக வர நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் போய்விடும், ஒன்றரை வயதுக் குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் அம்மாவைப் பார்க்காது. இருவரில் ஒருவருக்குச் செங்கல்பட்டை ஒட்டிய மகேந்திரா சிட்டி பக்கம் வேலை கிடைத்தால் கதை வேறு. அப்போது செங்கல்பட்டும் மறைமலைநகரும் கூடுவாஞ்சேரியைவிட நல்லவை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் செங்கல்பட்டிலேயே இருக்கிறது. இப்போதைக்குக் கூடுவாஞ்சேரி, அல்லது 2,000 கூடக் கொடுத்து ஊரப்பாக்கம், வண்டலூர். ஸ்டேஷனுக்கு நடந்து 12 நிமிடத்துக்குள் வீடு பாருங்கள். நடுவே ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தால் சுரங்கப்பாதையோ நடைமேம்பாலமோ இருக்கிறதா என்று பாருங்கள். கையில் பிள்ளையோடு அந்த ரோட்டைக் குறுக்கே கடப்பது ஆபத்து.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மூன்று வேலை நாள் ஒத்திகை பாருங்கள். ஒரு திங்கள், ஒரு புதன், ஒரு வெள்ளி. காலை 7.30க்கு அந்த வீட்டு வாசலில் இருந்து கிளம்பி அலுவலகம் போய், மாலை அதே வாசலுக்குத் திரும்பி வந்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலை ஊருக்குப் போகிற கூட்டம் ரயிலிலும், கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைச் சுற்றி ரோட்டிலும் சேரும். அந்த நாளின் நேரத்தை வைத்துக் காப்பகத்தோடு பேசுங்கள்.