சைவ பஃபே உணவகத்துக்கு வயதான பெற்றோரை அழைத்துச் செல்லலாமா?

ஆரையம்பதி வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். பெற்றோரின் திருமண நாளன்று, மட்டக்களப்பு நகரில் பகல்வேளையில் பஃபே முறையில் உணவு வழங்கும் ஓர் இந்தியச் சைவ உணவகத்துக்குக் குடும்பமாகச் செல்ல எண்ணியுள்ளோம். விலை எங்களுக்குக் கட்டுப்படியானதுதான். ஆனால் அப்பா பிறந்ததிலிருந்து மீனோ முட்டையோ தொடாதவர். சிறு சந்தேகம் வந்தாலும் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். அம்மாவுக்கு நீரிழிவு இருப்பதால் இரண்டு அகப்பைச் சோற்றுக்கு மேல் உண்ணமாட்டார். இப்படிப்பட்டவர்களுக்கும் தலைக்கு இவ்வளவு என்று முழு விலை கொடுத்து உண்பது பொருத்தமானதா? வட இந்தியக் கறிகளின் பெயர்களும் எங்களுக்குப் பழக்கமில்லை. விவரம் தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

கல்லடியிலிருந்து:

பாசிக்குடாப் பக்கத்து விடுதியொன்றின் சமையலறையில் சில காலம் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் உணவு வைக்கத் தொடங்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். குறைந்த விலை பஃபேயில் உணவின் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நேரந்தான். கறிச்சட்டிகள் வெந்நீர்த் தட்டுகளின்மேல் சூடாக இருக்கும். அவை 60 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும் என்பதும், சமைத்த உணவைச் சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விட்டுவைக்கக்கூடாது என்பதும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விதிகள். மூடியைத் திறக்கும்போது ஆவி மேலெழுந்தால் நம்பி எடுக்கலாம். பருப்பின் மேல் ஆடை படிந்து, ஓரம் காய்ந்து, கரண்டியை நட்டால் அப்படியே நிற்கும் அளவுக்கு இறுகியிருந்தால் அது வைத்து நெடுநேரமாகிவிட்டது என்று பொருள். அதைத் தவிர்த்துவிட்டு, அடுப்பிலிருந்து புதிதாக எது வரும் என்று பரிமாறுபவரிடம் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நாண் ரொட்டி சுட்ட சில நிமிடங்களுக்குள் தோல்போல் இழுபடத் தொடங்கிவிடும். ஆகவே குவித்து வைத்திருப்பதை எடுக்காமல், சுடச்சுடத் தருவார்களா என்று விசாரியுங்கள். வரிசையின் தொடக்கத்தில் சோறு, நூடில்ஸ், உருளைக்கிழங்கு போன்றவற்றையும், பனீர்க் கறியைக் கடைசியிலும் வைப்பது பல இடங்களில் வழக்கம், ஏனெனில் செலவு கூடியவற்றை அடையும்போது தட்டு நிரம்பியிருக்கும். எனவே முதலில் வெறுங்கையுடன் ஒருமுறை முழு வரிசையையும் பார்த்துவிட்டு, பிறகு தட்டை எடுங்கள்.

பெயர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டால் மக்கனி என்பது கறுப்பு உழுந்தையும் ராஜ்மா அவரையையும் வெண்ணெயும் பாலாடையும் சேர்த்து மெதுவாக வேகவைத்தது. சென்னா மசாலா நம்முடைய கொண்டைக்கடலைக் கறிதான், ஆனால் தேங்காய்ப்பால் இருக்காது; புளிப்பும் மசாலாவும் தூக்கலாக இருக்கும். பாலக் பனீர் என்றால் பசளிபோன்ற ஒரு கீரையை அரைத்து, அதில் பனீர்த் துண்டுகளைப் போட்டது. உறைப்பு நம் வீட்டுக் கறிகளைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதால் பெரியவர்களுக்குச் சிரமம் இராது.

காரைதீவிலிருந்து:

தம்பி, அப்பாவின் பக்கம் நின்று சில விடயங்களைச் சொல்கிறேன். பனீர், பாலில் எலுமிச்சைச்சாறோ வினாகிரியோ விட்டுத் திரித்து எடுப்பது என்பதால் அதில் சந்தேகமில்லை. நாண் மாவில் மட்டும் சில இடங்களில் முட்டை சேர்ப்பார்கள். பளபளக்கும் புடிங், ஜெலி வகைகளில் ஜெலட்டின் இருந்தால் அது விலங்கிலிருந்து எடுத்தது. உள்ளூர்ச் சுவைக்காகச் சம்பல் வைத்திருந்தால், மாசி (உலர்த்திய மீன்) சேர்த்ததா என்று கட்டாயம் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, அது முழுச் சைவ உணவகமா அல்லது அசைவமும் அதே அடுப்பில் சமைக்கும் இடமா என்பதைத் தொலைபேசியிலேயே அறிந்துகொள்ளுங்கள். மேசையில் அமர்ந்த பிறகு அறிந்தால் அப்பாவின் அன்றைய மகிழ்ச்சி போய்விடும்.

அம்மா சோற்றையும் நாணையும் சேர்த்து எடுக்காமல் ஒன்றை மட்டும் தெரிவுசெய்து, கடலை, பருப்பு, கீரை, தயிர்ப் பச்சடி ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளட்டும். குலாப் ஜாமூன் பாகிலே ஊறியது. அதைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம்.

கல்முனையிலிருந்து:

நான் சற்று மாறுபடுகிறேன். குறைவாக உண்ணும் இருவருக்கு முழு விலை கொடுப்பதைவிட, அதே உணவகத்தில் தாலி கிடைக்குமா என்று பாருங்கள். ஒரே தட்டில் சிறு கிண்ணங்களில் பல கறிகள் வரும். நடந்து போய் வரிசையில் நிற்கவும் வேண்டியதில்லை. முழங்கால் நோவுள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். நம்மூர்ச் சைவக்கடையிலும் சோறும் மரக்கறியும் கேட்கக் கேட்கப் போடுவார்கள் என்பதால், வயிறு நிறைவதற்காக மட்டும் பஃபேக்குப் போகத் தேவையில்லை. வீட்டில் செய்யாததைச் சுவைப்பதற்கென்றால் போகலாம்.

சொல்லும் விலையில் வரி அடங்கியுள்ளதா என்பதையும் கேளுங்கள். பெறுமதிசேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். அதனுடன் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் தனியாக அறவிட்டால், 1,000 ரூபா உணவுக்கு ஏறத்தாழ 280 ரூபா மேலதிகமாகும்.

ஆரையம்பதி வாசகர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உணவகத்துடன் தொடர்புகொண்டேன். முழுச் சைவம், நாணில் முட்டை இல்லை, தாலியும் உண்டு. பெற்றோருக்குத் தாலியும் எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பஃபேயும் எடுக்கத் தீர்மானித்துள்ளோம். ஒரே மேசையில் இரண்டும் எடுக்க விடுவார்களா?

கல்லடியிலிருந்து:

பெரும்பாலும் விடுவார்கள், ஆனால் பஃபேத் தட்டிலிருந்து தாலிக்காரருக்குப் பகிர்வதை விரும்பமாட்டார்கள். முன்பதிவின்போதே இத்தனை தாலி, இத்தனை பஃபே என்று சொல்லி, வரிசைக்கு அருகில் இல்லாத மேசையாகக் கேளுங்கள். அங்கே ஆட்களின் நடமாட்டம் குறைவு. பெரியவர்கள் ஆறுதலாக உண்ணலாம். இனிப்புக்கு அம்மா என்ன செய்வார் என்று யோசித்தால், வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சட்டி எருமைத்தயிர் வாங்கிக்கொள்ளுங்கள். இனிப்புப் பாணி விடாமலே அது நன்றாக இருக்கும்.