புதுப்பிப்பு: வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய சவுண்ட் கார்டு – வாங்கியாச்சு, இரைச்சல் போயாச்சு

லேப்டாப்பின் மைக் துளையில் பாடிப் பதிந்தால் பின்னால் ஒரே இரைச்சல், ஹெட்ஃபோனில் என் குரலே தாமதமாக வருகிறது, குறைந்த செலவில் எதை வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

இரண்டு இன்புட் உள்ள சின்ன யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (லேப்டாப்புக்கு வெளியே செருகும் சவுண்ட் கார்டு) வாங்கினேன். "சாம்பிள் ரேட் (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள், 48 வோல்ட் ஃபேன்டம் பவர், டைரக்ட் மானிட்டர் இரண்டும் இருக்கிறதா பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. மைக் கேபிள் வழியாகவே போகும் அந்த 48 வோல்ட் மின்சாரம் இல்லாமல் என் கண்டென்சர் மைக்குக்கு உயிரே வராது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிகிறேன். பாட்டுக்கு நடுவே மூச்சிழுப்பது வரை துல்லியமாகக் கேட்கிறது!

தாமதமும் தீர்ந்தது. டைரக்ட் மானிட்டரில் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பாமல் நேராகக் காதுக்கு வருகிறது. கம்ப்யூட்டர் சேர்க்கும் ரிவெர்ப் (எதிரொலி போன்ற எஃபெக்ட்) கேட்டுக்கொண்டே பாட வேண்டுமென்றால் மட்டும் ஏசியோ டிரைவரில் (தாமதம் குறைவாக ஒலியைக் கடத்தும் மென்பொருள்) பஃபரை, அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை, 1024-லிருந்து 128-க்குக் குறைக்கிறேன். பஃபரால் வரும் தாமதம் ஒரு வழிக்கு 21 மில்லிவினாடியிலிருந்து 3-க்கும் கீழே இறங்கிவிடும். மிக்ஸ் செய்யும்போது மறுபடி ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் ஒலி படபடவென்று வெடிக்கிறது.

எதிர்பாராதது ஒன்று. எலெக்ட்ரிக் கிட்டாரைச் செருகியதும் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், போகவில்லை. அப்புறம் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் சட்டென்று அடங்கியது. இப்போது கிட்டார் பதியும்போது பேட்டரியில்தான் ஓட்டுகிறேன்.