இணைந்த நுண்குழிகளா, பிணையல் ஒளியறைகளா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒளியைச் சிக்கவைக்கக் குறைக்கடத்தியில் மிக நுண்ணிய அளவில் அமைப்பது மைக்ரோகேவிட்டி. அப்படி இரண்டு அடுத்தடுத்து இருந்தால் ஆங்கிலத்தில் coupled microcavities. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த 'இணைந்த நுண்குழிகள்' என்ற சொல்லை இரண்டு நாளாக வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். குழி என்றதும் ஒரு மாணவி பலகையில் பள்ளம் வரைந்தாள். அவள்மேல் தவறில்லை, சொல் அப்படி. ஆனால் அங்கே பள்ளமே கிடையாது, நெடுகப் படிகம்தான். 900 நானோமீட்டர் ஒளிக்கு என்றால், காலியம் ஆர்சனைடு சுமார் 65 நானோமீட்டர், அலுமினியம் ஆர்சனைடு சுமார் 75 என்று மாற்றி மாற்றி அடுக்கியது ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு கண்ணாடி. அதன்மேல் கால் மைக்ரான் தடிமனில் ஓர் அடுக்கு. அப்புறம் மறுபடி அதே கண்ணாடி. மயிலாப்பூரில் நான் முடிவெட்டப் போகும் சலூனில் எதிரெதிரே கண்ணாடி மாட்டியிருக்கிறார்களே, அதுதான் இது. ஒளி நடுவில் சிக்கி அங்கும் இங்கும் அலைகிறது. ஒளி தங்கும் இடம் அறைதானே? 'நுண்ணறை' ஏற்கெனவே நுரையீரல் பாடத்தில் இருக்கிறது. அதனால் 'ஒளியறை' என்கிறேன்.

'இணைந்த' என்பதில்தான் எனக்கு மனம் ஒப்பவே இல்லை. இணைந்தால் ஒன்றாகிவிட்டது போலப் படுகிறது. இங்கே அறைகள் இரண்டாகவே இருக்கின்றன, நடுவில் பொதுச்சுவராக ஒரு கண்ணாடி. அதில் அடுக்குகளைக் குறைத்தால் ஒளி கசிந்து அடுத்த அறைக்குப் போகிறது, போனது திரும்பி வருகிறது. தனித்தனியே ஒரே ஆற்றலில் ஒத்ததிர்ந்த அறைகள் இப்போது இரண்டு ஆற்றல்களைக் காட்டுகின்றன. ஒன்றில் இரு அறைகளின் அலையும் சேர்ந்து ஏறி இறங்கும், மற்றதில் ஒன்று ஏற மற்றது இறங்கும். இந்த இரு ஆற்றல்களுக்கும் இடையிலான பிளவு 10 மில்லி எலக்ட்ரான்வோல்ட் என்றால், ஒளி அடுத்த அறைக்குப் போய்த் திரும்பச் சுமார் 0.4 பிகோநொடிதான் (ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பிகோநொடி). வகுப்பில் ஒரு கயிறு கட்டி, இரண்டு பூட்டுகளை நூலில் தொங்கவிட்டு ஒன்றை மட்டும் ஆட்டினேன். அது மெல்ல ஓய, தொடாத பூட்டு ஆடத் தொடங்கியது. பிறகு அதுவும் ஓய்ந்து பழையது ஆடியது. வகுப்பே அமைதியாகிவிட்டது.

களத்தில் போரடிக்க மாடுகளைச் சேர்த்துக் கட்டி ஓட்டுவதைப் பிணையல் என்போம். மாடுகள் தனித்தனிதான், ஆனால் ஒன்றின் நடை மற்றதை விடாது. நாட்டியத்திலும் ஒற்றைக்கை பிண்டி, இரட்டைக்கை பிணையல். இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

'பிணைப்பு' போதாதா என்று கேட்பீர்கள். அதை வேதியியல் எடுத்துக்கொண்டுவிட்டது, இரண்டும் ஒரே பாடத்தில் வந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். மேலும், 1992-ல் இயற்பியலாளர் குளோட் வைஸ்புக்கும் உடன் பணியாற்றியவர்களும் இப்படி ஓர் ஒற்றை அறைக்குள் ஒளியும் எக்சைட்டானும் (குறைக்கடத்தியில் ஓர் எலக்ட்ரானும் அது விட்டுப்போன வெற்றிடமும் சேர்ந்த சோடி) மாறி மாறி ஆற்றலைக் கொடுத்து வாங்குவதைக் காட்டினார்கள். அங்கேயும் இதே பிளவுதான். அறையோடு அறை, ஒளியோடு எக்சைட்டான் இரண்டுக்கும் 'பிணையல்' சரியாக வருகிறது. ஒளி அடுத்த அறைக்குப் போகுமுன்னே வெளியே கசிந்துவிட்டால் மெலிந்த பிணையல், பலமுறை போய்வந்தால் வலுத்த பிணையல்.

ஆக, 'பிணையல் ஒளியறைகள்'. பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மறுப்பு இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள்.