பெண்கள் மட்டும் சேர்ந்து இசைக்குழு நடத்தியவர்கள், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் வாருங்கள், பேசுவோம்

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து எழுதுகிறேன்:

‘ஹெர் ஸ்மெல்’ என்ற படத்தைப் பார்த்து முடித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. 2018இல் டொரொன்டோ திரைப்பட விழாவில் முதலில் காட்டிய படம், அலெக்ஸ் றொஸ் பெரி எழுதி இயக்கியது. 1990களில் கொடிகட்டிப் பறந்த ‘சம்திங் ஷீ’ என்ற மூன்று பெண்களின் றொக் குழு (கற்பனைக் குழுதான்) எப்படி உடைகிறது, மறுகா அவர்கள் எப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற நிலைக்கு வருகிறார்கள் என்பதுதான் கதை. பாடுகிறவளும் கிற்றார் வாசிக்கிறவளும் பெக்கி. எலிசபெத் மொஸ் நடித்திருக்கிறார். குடி, போதை, கோபம், பிடித்தவர்களையே கடித்துக் குதறுகிற நாக்கு. முதல் பகுதியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டே அவள் தள்ளாடுகிற இடத்தில் என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை.

படம் ஐந்து நீண்ட பகுதிகள்தான். மேடையில் நடப்பது கொஞ்சம், மேடைக்குப் பின்னால் உள்ள அறையிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் நடப்பதுதான் அதிகம். அங்கேதான் மற்ற இரண்டு பேரும் இருக்கிறார்கள், பேஸ் கிற்றார் வாசிக்கிற மரியெலும் ட்றம்ஸ் அடிக்கிற அலியும். காத்திருக்கிறார்கள், சமாதானம் சொல்கிறார்கள், திட்டு வாங்குகிறார்கள், திரும்பவும் காத்திருக்கிறார்கள். படம் பார்த்தவர்கள் எல்லாரும் மொஸ்ஸின் நடிப்பைத்தான் பேசுகிறார்கள், சரி, பேசத்தான் வேண்டும். ஆனால் எனக்கு அந்த இரண்டு பேரின் முகம்தான் நிற்கிறது. ஒரு குழு உடைவது திறமை போதாமல் இல்லை, அதைச் சுமக்கிறவர்கள் களைத்துப்போவதால்தான்.

இதை நான் பார்த்துத்தான் சொல்கிறேன். நாங்களும் ஒரு குழு வைத்திருந்தோம். கீபோட், ட்றம்ஸ், கிற்றார் இரண்டு, பாட்டு ஒருத்தி. கோயில் திருவிழா, கலைவிழா, சில கல்யாண வரவேற்பு. நான் பேஸ். எங்கள் பாட்டுக்காரியின் குரல் மாதிரி இந்தக் கரையில் நான் இன்னொன்று கேட்டதில்லை, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அவள் எப்ப வருவாள், எந்த மனநிலையில் வருவாள் என்று யாருக்கும் தெரியாது. அவள் வரும்வரை நாங்கள் கிற்றார்க் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டு இருப்போம். கல்லடியில் கடல் காற்றுக்கு இரும்புக் கம்பி ஒரு கிழமையிலேயே துருப்பிடித்துச் சொரசொரவென்று ஆகிவிடும், விரல் வைத்தால் கறுப்பாக ஒட்டும். துடைத்துத் துடைத்தே பின்னேரம் போய்விடும். எங்கள் ட்றம்ஸ்காரி ஒரு நாள் குச்சிகளை உறையில் போட்டு, “என்னால ஏலாதுகா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சண்டை ஒன்றும் இல்லை. அதோடு முடிந்தது.

உங்களுக்கு என்ன நடந்தது, எழுதுங்கள்.

—

களுவாஞ்சிக்குடிப் பக்கம் சவுண்ட் வாடகைக்கு விடுகிறவன்:

அக்கா, நான் அந்தப் படம் பார்க்கவில்லை. ஆனால் பெண்கள் குழுவுக்கு சவுண்ட் போட்டிருக்கிறேன், அதைச் சொல்கிறேன். முதல் விஷயம், சவுண்ட் செக், அதாவது நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்ப்பது. பெரிய குழுக்கள் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், பெண் பிள்ளைகள் வந்தால் “கெதியா முடியுங்க, நிகழ்ச்சி தொடங்கப் போகுது” என்று ஏற்பாட்டாளர்கள் நெருக்குவார்கள். ட்றம்ஸுக்கு மைக் வைக்கும்போது “அடிக்கிற தம்பி எங்க?” என்று கேட்பார்கள், அந்தப் பிள்ளை அவர்களுக்கு முன்னாலேயே ஸ்டூலின் உயரத்தைச் சரிசெய்துகொண்டு நிற்கும். பாடுகிறவருக்குத் தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் சுருதி விலகும், அதற்குத்தான் மேடையில் மொனிற்றர் (பாடுகிறவர் பக்கம் திருப்பி வைக்கிற ஸ்பீக்கர்) வைக்கிறோம். அதைச் சரியாக வைக்காமல் விட்டுவிட்டு, மறுநாள் “பொம்புளப் பிள்ளையள் சுருதி இல்லாமப் பாடினாங்க” என்று கதைத்தால் அது யாருடைய பிழை?

இரண்டாவது, உண்மையில் குழுவை உடைப்பது வான். சிரிக்க வேண்டாம். திருவிழா நிகழ்ச்சி இரவு பத்துக்குத் தொடங்கி ஒன்று, ஒன்றரை வரைக்கும் போகும். ஆண் பிள்ளைகள் என்றால் மேடைக்குக் கீழேயே துண்டை விரித்துப் படுத்து விடிய பஸ்ஸில் போவார்கள். பெண் பிள்ளைகளை வீடு வீடாகக் கொண்டுபோய் விட வேண்டும், கூட ஒரு அப்பாவோ அண்ணனோ வர வேண்டும், அந்த வான் கூலியே கிடைத்த காசில் பாதியைத் தின்றுவிடும். நாலைந்து நிகழ்ச்சி இப்படிப் போனால் வீட்டில் “என்னத்துக்கு இந்த அலைச்சல்” என்பார்கள். போதையும் சண்டையும் வருகிற அளவுக்கு இங்கே எந்தக் குழுவும் போவதில்லை அக்கா, அதற்கு முன்னாலேயே வானில் முடிந்துவிடுகிறது.

—

காத்தான்குடி:

தம்பி சொன்ன வான் கதை நூறு வீதம் சரி. எங்கள் பக்கம் வான் வரைக்கும்கூடப் போகாது, அறைக் கதவோடு நிற்கும்.

நான் பார்த்தது படம் இல்லை, தொடர். ‘வி ஆர் லேடி பார்ட்ஸ்’. 2021இல் பிரித்தானியாவின் சனல் 4இல் வந்தது, நிதா மன்சூர் எழுதி இயக்கியது. லண்டனில் முஸ்லிம் பெண்கள் மட்டும் சேர்ந்த பங்க் குழு (பங்க் என்பது றொக்கில் ஒரு முரட்டு வகை). பாடுகிறவள் இறைச்சிக் கடையில் வேலை செய்கிறாள், ட்றம்ஸ் அடிக்கிறவள் ஊபர் ஓட்டுகிறாள், மனேஜர் நிகாப் போட்டவள். கிற்றார்க்காரி ஆமினா கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாள், மேடை என்றாலே குமட்டல். அவளைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வந்தது, ஏனென்றால் முக்காடு போட்ட ஒரு பெண் பயப்படுவதை, ஆசைப்படுவதை, பிழையாக வாசிப்பதை, அவள் ஈமானை (இறைநம்பிக்கையை)க் கேள்வி கேட்காமல் காட்டியதை நான் அதுக்கு முன் பார்த்ததே இல்லை.

நானும் என் சிநேகிதியும் கிற்றார் பழகியது ஜன்னலைச் சாத்திக்கொண்டு. எலெக்றிக் கிற்றாரை அம்ப்ளிஃபயரில் போடாமல் வாசித்தால் பக்கத்து அறைக்கும் கேட்காது. அதனால்தான் அதை வாங்கினோம். சிநேகிதி ட்றம்ஸும் அடித்துப் பார்த்தாள், ஒரு சொந்தக்காரர் வீட்டில். அபாயாவின் விளிம்பு பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கும், கால் தூக்கும்போது இழுபடும், தாளம் தடுமாறும். அவள் தைக்கத் தெரிந்தவள், ஓரத்தில் இரண்டு அழுத்துப் பொத்தான் வைத்துத் தைத்து, அடிக்கும்போது மடித்துப் பூட்டிக்கொள்வாள். எவ்வளவு அழகான வேலை தெரியுமா அது! இப்போது அவள் கட்டாரில், இரண்டு பிள்ளைகள்.

காஷ்மீரில் ‘பிரகாஷ்’ என்ற பெயரில் மூன்று பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் சேர்ந்து றொக் குழு தொடங்கியது ஞாபகம் இருக்கிறதா? 2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் ஒரு போட்டியில் பரிசு வாங்கினார்கள். அதுக்குப் பிறகு இணையத்தில் வந்த மிரட்டல் கொஞ்சநஞ்சம் இல்லை, 2013 பெப்ரவரியில் அங்கத்தைய பெரிய முப்தியும் (மார்க்கத் தீர்ப்புச் சொல்கிறவர்) அது மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று சொல்ல, பிள்ளைகள் குழுவைக் கலைத்துவிட்டார்கள். அதில் மார்க்கத் தீர்ப்பு என்ன என்று வாதாட நான் வரவில்லை, அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தைகளை எழுதின கைகளை நான் மன்னிக்கவே மாட்டேன்.

—

அக்கரைப்பற்று:

றொக் என்றதும் வெளியூர்ச் சாமான் மாதிரி எல்லாரும் கதைக்கிறீங்க. எங்கள் உம்மம்மா காலத்துப் பெண்கள் வயலில் நின்று ஒருத்தி கவி எடுக்க மற்றவள் பதில் கவி சொல்லுவார்களாம். புருசன், மச்சான், போடியார் (வயல் சொந்தக்காரர்), ஒருத்தரையும் விடாமல் கேட்ட கேள்விகள் அதில் இருக்கின்றன. பக்கத்துத் தமிழ் ஊர்களில் கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள், களரி (கூத்து ஆடுகிற மேடை) ஆண்களுடையதாகத்தான் இருந்தது. வயல் பெண்களுக்கும் இருந்தது. வேளாண்மை வெட்ட மெஷின் வந்த பிறகு அதுவும் போச்சு.

—

மட்டக்களப்பு டவுன்:

நான் ‘ஹெர் ஸ்மெல்’ பார்த்தேன். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும், முதல் மூன்று பகுதியும் காது வலிக்கிற இரைச்சல், பின்னணியில் ஒரு உறுமல் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருந்து பார்த்த என் மச்சாள், “ஏன்கா எல்லாரும் இவளப் பொறுத்துக்கொண்டு இருக்காங்க?” என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டாள். அவளைப் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் நாலாவது பகுதிக்காக இருந்து பார்க்க வேண்டும்.

அதில் பெக்கி குடியை விட்டு, வீட்டில் தனியாக, தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கிறாள். சத்தம் எல்லாம் நின்றுவிடுகிறது. மகள் வருகிறாள், கொஞ்சம் வளர்ந்துவிட்ட பிள்ளை. பெக்கி பியானோவுக்கு முன்னால் இருந்து பிரையன் அடம்ஸின் ‘ஹெவன்’ பாட்டைப் பாடுகிறாள். முழுப்பாட்டும். கமெரா வெட்டாமல் பார்த்துக்கொண்டே நிற்கிறது. பெரிய பாட்டுக்காரி மாதிரிப் பாடவில்லை, பிள்ளைக்குப் பாடுகிற மாதிரி, இடையிடையே குரல் மெலிந்து பாடுகிறாள். மொஸ் இந்தப் படத்துக்காகத்தான் கிற்றாரும் பியானோவும் பழகினாராம், அந்த விரல்களின் தயக்கம் நடிப்பு மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது. குழுவின் பாட்டுகளை ‘புல்லி’ என்ற குழுவின் அலிசியா பொக்னானோ எழுதியிருக்கிறார், அவையும் நல்லவைதான், ஆனால் படத்தின் உயிர் இந்த இரவல் பாட்டில்தான் இருக்கிறது.

நான் தேவாலயக் கொயரில் ஒர்கன் வாசித்தவள், அங்கிருந்து நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு தொடங்கினோம். மகன் பிறந்ததும் விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. ஒத்திகை வைக்கிற நேரமும் பிள்ளை பசிக்கு அழுகிற நேரமும் ஒன்றாக இருந்தது, அவ்வளவுதான். மற்றவர்கள் நேரத்தை மாற்றுவோமா என்று கேட்டிருந்தால் நான் இருந்திருப்பேன். அவர்களுக்கு அது தோன்றவில்லை, எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

—

கல்லடி, திரும்பவும்:

டவுன் அக்கா, அந்தக் கடைசி வரிகளை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் ட்றம்ஸ்காரியிடம் நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை.

படத்தின் முடிவைப் பற்றி எனக்குத் தனிச் செய்தி அனுப்பிக் கேட்டவர்களுக்கு (பார்க்காதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிவிடுங்கள்): கடைசிப் பகுதியில் மூன்று பேரும் திரும்பச் சேர்ந்து மேடை ஏறுகிறார்கள். பெக்கி ஒரு பாட்டோடு இறங்கிவிடுகிறாள், சனம் இன்னும் கேட்டாலும் மேடைக்குத் திரும்பப் போகவில்லை. ஒருவர் அது தோல்வி என்று எழுதியிருந்தார். நான் ஒப்பமாட்டேன். அன்றைக்கு அவள் மற்ற இரண்டு பேரோடும் மேடையில் நின்று, பாட்டைப் பாடிவிட்டுப் போனாள். மரியெலுக்கும் அலிக்கும் அவள் கொடுக்கக்கூடியது அதுதான்.

காத்தான்குடி ராத்தா, அந்த அழுத்துப் பொத்தான் எங்கே வைத்துத் தைத்தது என்று முடிந்தால் ஒரு படம் போடுங்கள், சேலையோடு ட்றம்ஸ் அடிக்கிற பிள்ளைகளுக்கும் உதவும். களுவாஞ்சிக்குடித் தம்பி, பகல் நிகழ்ச்சிக்கு சவுண்ட் வாடகை குறைவா? இரவு வான் செலவு இல்லாமல் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிக்கிற நிகழ்ச்சி ஒன்று வைக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாம், பால் கொடுக்க ஒரு அறை வேண்டும். ஆரையம்பதிக்கும் டவுனுக்கும் இடையில் அப்படி மண்டபம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.