பந்தி ஃப்ரூட் சாலடில் பாலும் பழமும்: வைத்தியர்கள் உதவ வேண்டும்

வணக்கம். கல்யாணப் பந்தியில் பால் கஸ்டர்டில் பழங்கள் கலந்து பரிமாறும் ஃப்ரூட் சாலட் பற்றி, கும்பகோணம் வட்டாரக் கல்யாணச் சமையல்காரர்களுக்காக ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்கிறோம். குழுவில் உள்ள ஆயுர்வேத, சித்த வைத்தியர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆயுர்வேத மூல நூலான சரக சம்ஹிதையின் முதல் பகுதி, சூத்திர ஸ்தானம், 26-ஆம் அத்தியாயம், பாலோடு ஆகாதவை வரிசையில் புளிப்புப் பழங்களோடு வாழை, பலா, மாதுளை, நெல்லியையும் வைக்கிறது. பாத்திரத்திலும் இது தெரியும்: திராட்சை, ஆரஞ்சின் புளிப்பில் பால் திரிந்துவிடும். வேகவைக்காத அன்னாசி இன்னும் மோசம். அதன் நொதி பாலின் புரதத்தை உடைப்பதால் கஸ்டர்ட் நீர்த்து, நேரம் ஆக ஆகக் கசக்கும். சர்க்கரைப் பாகில் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் கசப்பு வராது. புளிப்பு மட்டும் போகாது. அதனால் அன்னாசியைத் தனிக் கிண்ணத்தில் பரிமாறச் சொல்லப் போகிறோம்.

சிக்கல் வாழையில்தான். பூவன் லேசாகப் புளிக்கும், ரஸ்தாளி நல்ல இனிப்பு. நூல் பொதுவாக வாழை என்றே விலக்குகிறது. நீங்கள் ரகம் பார்த்து அனுமதிப்பதுண்டா? நன்கு கனிந்த இனிப்பு மாம்பழத்தைப் பாலோடு கொடுக்கலாம் என்பவர்கள், எந்த நூலில் எந்த இடம் என்றும் குறிப்பிடுங்கள். தோல் நோய், நாள்பட்ட சளி உள்ளவர்களுக்கு என்ன சொல்கிறீர்கள்? முகூர்த்த நாட்கள் நெருங்குகின்றன, இந்த வாரமே பதில் கிடைத்தால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.