நரம்புக் கலங்களில் மட்டும் இலிப்பிட்டுக் காவி ஏன் பயன் தரவில்லை?

கேள்வி: வெள்ளவத்தை, முதுமாணி ஆய்வு மாணவி

வணக்கம். பச்சை ஒளிர்புரதத்தின் பரம்பரையலகைக் கொண்ட பிளாஸ்மிட்டை (வட்ட வடிவ டி.என்.ஏ.) நேரேற்றமுள்ள கொழுப்பான இலிப்பிட்டுடன் கலந்து, மனித முளையச் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட எச்.ஈ.கே. 293 கலங்களுக்குக் கொடுத்தபோது, மறுநாளே பாதிக்கு மேற்பட்ட கலங்கள் ஒளிர்ந்தன. அதே கலவையை எலி மூளையிலிருந்து பெற்று வளர்த்த நரம்புக் கலங்களுக்குக் கொடுத்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே ஒளி தெரிகிறது. அளவை இருமடங்காக்கினேன், கலங்கள் சுருங்கி இறந்தன. இலிப்பிட்டுக்குச் சிவப்புச் சாயமிட்டுப் பார்த்தபோது, அது கருவைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் தேங்கியிருந்தது. உள்ளே சென்ற பின்னும் ஏன் பலனில்லை? பரம்பரையலகைச் சுமந்து செல்ல வைரசைக் கையாளும் வசதி எங்கள் ஆய்வுகூடத்தில் இல்லை.

பதில் 1: தெகிவளை, கலவளர்ப்பில் பணிபுரிபவர்

தங்கச்சி, அந்தச் சிவப்புப் புள்ளிகளைக் கவனியுங்கள். கலம் விழுங்கிய துணிக்கைகள் உட்புடகங்கள் எனும் மென்சவ்வுப் பைகளுக்குள் அடைபட்டிருப்பதையே அவை காட்டுகின்றன. அவற்றுள் மிகச் சிறு பங்கே கருவுக்கு வெளியேயுள்ள கலவுருவுக்குள் தப்பி வருகிறது. இது இருவகைக் கலங்களுக்கும் பொதுவான தடை. நரம்புக் கலத்தில் அதற்கப்பால் கருவுறை நிற்கிறது. கருத்துளையினூடாகத் தானாகப் பரவக்கூடியவை ஏறத்தாழ 40,000 டால்ட்டன் (மூலக்கூற்று நிறையின் அலகு) வரையான மூலக்கூறுகளே. பிளாஸ்மிட்டோ மில்லியன் கணக்கான டால்ட்டன் நிறையுடையது. எச்.ஈ.கே. கலங்கள் ஏறத்தாழ நாளுக்கொரு முறை பிரிவதால், இழையுருப்பிரிவில் கருவுறை கலையும் வேளையில் டி.என்.ஏ. உள்ளே சிக்கிக்கொள்கிறது. முதிர்ந்த நரம்புக் கலம் பிரிவதேயில்லை.

எது தடை என்பதைப் பிரித்தறிய, அதே புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ.யை அதே இலிப்பிட்டில் கொடுத்துப் பாருங்கள். அது கலவுருவிலேயே வாசிக்கப்படுவதால், கருவினுள் நுழையும் தேவை இல்லை. சில மணித்தியாலங்களில் ஒளி தோன்றினால் கருவுறையே தடை. தோன்றாவிட்டால் உட்புடகத்தைச் சந்தேகியுங்கள்.

பதில் 2: கொள்ளுப்பிட்டி, மருந்தியல் விரிவுரையாளர்

கலங்கள் இறந்ததற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். 1987 இல் பெல்க்னர் குழுவினர் அறிமுகப்படுத்திய டொட்மா போன்ற இலிப்பிட்டுகளில் நேரேற்றம் நிரந்தரமானது, அது டி.என்.ஏ.யின் மறையேற்றத்தைப் பற்றிக்கொள்வதைப் போலவே கலமென்சவ்வுகளையும் பற்றிக் குலைக்கிறது. ஆகவே அளவைக் கூட்டுவது தீர்வாகாது. பின்னர் வந்த அயனாகும் இலிப்பிட்டுகள், குருதியின் 7.4 பீ.எச். அளவில் பெரும்பாலும் ஏற்றமின்றி இருந்து, உட்புடகத்தின் அமிலச் சூழலில் மட்டுமே நேரேற்றம் பெறுகின்றன. 2018 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பட்டிசிரான் மருந்தும், 2021 இல் நம் நாட்டில் ஏற்றப்பட்ட பைசர் தடுப்பூசியும் இவ்வகையைச் சார்ந்தவையே. இரண்டும் ஆர்.என்.ஏ.யையே சுமந்தன என்பது உங்கள் கேள்விக்கு மிக முக்கியமானது.

அவ்வகைத் துணிக்கைகளுக்கு மாறினால், நீர்ப்பாயமற்ற (சீரம் இல்லாத) ஊடகத்தில், கொழுப்பைக் காவும் புரதமான அப்போலிப்போபுரதம் ஈ சேர்த்துப் பாருங்கள். துணிக்கை அதைப் போர்த்திக்கொண்டே ஏற்பிகளினூடாகக் கலத்துக்குள் நுழைகிறது.

கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணா, நன்றி, ஐயா. தூது ஆர்.என்.ஏ.யை உலர்பனியில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது எங்கள் நிதிக்கு எட்டாது. பிளாஸ்மிட்டிலிருந்து நாமே தயாரிக்கலாமா?

பதில் 1, மீண்டும்

பரம்பரையலகுக்கு முன்னால் டி7 ஊக்கி (ஆர்.என்.ஏ. படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் டி.என்.ஏ. பகுதி) இருந்தால் தாராளமாகத் தயாரிக்கலாம். பிளாஸ்மிட்டை ஓரிடத்தில் வெட்டி நேராக்கிய பின் தொடங்குங்கள். 5′ முனைத் தொப்பியும் 3′ முனை அடினைன் வாலும் இல்லாத ஆர்.என்.ஏ.யைக் கலம் சரிவர வாசிக்காது. அவற்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம். கிடைத்ததைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருகவைத்தால் அது சிதைந்துவிடும்.