பூட்டுப் போட்ட டிஸ்க் 1.3 ஜிபி வேகம் காட்டுகிறது, நம்பலாமா?

மல்லியப்பு சந்தி:
ஹட்டனில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்து ஆட்களின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். படிவம் என்று ஸ்கேன் செய்ததெல்லாம் என் பழைய லெப்டொப்பில்தான் கிடக்கிறது. யாராவது அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் நான் சந்தியில் தலைகாட்ட முடியாது. அதனால் புதிதாக 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, பாட்டுக்கும் படத்துக்கும் 40 ஜிபியைத் திறந்தபடி விட்டு, மீதியை லக்ஸ் (லினக்ஸில் டிஸ்கைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டும் முறை) போட்டு என்கிரிப்ட் செய்தேன். இரண்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், லினக்ஸ் மின்ட்.

குழப்பம் வேகம் அளப்பதில். பெட்டியைப் பிரித்த கையோடு, ஒன்றுமே எழுதாத டிஸ்கை, படிக்கும் வேகம் காட்டும் ஹெச்டிபார்மில் அளந்தேன்: நொடிக்கு 530 எம்பி. லக்ஸ் போட்ட பிறகு டிடி என்ற கொப்பி செய்யும் கட்டளையால் 1 ஜிபி பூச்சியம் எழுதினேன்: நொடிக்கு 1.3 ஜிபி! பூட்டுப் போட்ட கதவு திறந்த கதவைவிட லேசாகத் திறக்குமா? டிஸ்கை லெப்டொப்போடு இணைக்கும் சாட்டா 3 இணைப்பே 600 எம்பிக்கு மேல் தராதே. லக்ஸை அமைக்கும் கிரிப்ட்செட்டப்பின் பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) 150 எம்பி என்றது. நேற்று மழையில் கரண்ட் போன நேரம் அதையே திரும்ப ஓட்டினேன், 70. திறந்த பகுதியிலிருந்து 6 ஜிபி ஸ்கேன் போல்டர் ஒன்றைப் பூட்டிய பகுதிக்குக் கொப்பி செய்தால் 48 நொடி ஆகிறது. எதை நம்புவது?

கொத்மலைக்காரன்:
அண்ணே, எஸ்எஸ்டி டூப்ளிகேட்டாக இருக்கும். வாங்கின இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

ஊவா அக்கா:
டிஸ்க் பாவம், அதை விடுங்கள். தம்பி அளந்தது எதுவுமே டிஸ்க் இல்லை.

டிடி எழுதியது ரேமில். 8 ஜிபி ரேமில் 1 ஜிபி சும்மா அடங்கிவிடும், கேர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) வாங்கி வைத்துக்கொண்டு "முடிந்தது" என்று சொல்லிவிடும். கூடையை இறக்கியதுமே கிலோவை எழுதிக்கொண்ட கதைதான், கொழுந்து இன்னும் தராசில் ஏறவில்லை. என்கிரிப்ட் செய்வது அதற்கும் பிறகு, டிஸ்குக்கு அனுப்பும்போதுதான் நடக்கும். டிடியில் "கன்வ்" விருப்பத்துக்கு எஃப்டேட்டாசிங்க் என்று கொடுத்தால் டிஸ்கில் போய்ச் சேர்ந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குச் சொல்லும்.

அந்த 530-ஐயும் நம்ப வேண்டாம். எழுதாத இடத்தைப் படிக்கச் சொன்னால் பல எஸ்எஸ்டிகள் உள்ளே தேடாமலே பூச்சியத்தை நீட்டிவிடும். வெற்று டிஸ்கின் எண்ணை வைத்துக்கொண்டு "லக்ஸ் என் வேகத்தைத் தின்றுவிட்டது" என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன் (நானும் அழுதிருக்கிறேன்). பூச்சியம் எழுதி அளப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சில பழைய எஸ்எஸ்டிகள் டேட்டாவைச் சுருக்கித்தான் எழுதும். பூச்சியம் நன்றாகச் சுருங்கும், என்கிரிப்ட் ஆனது சுருங்கவே சுருங்காது. அப்போது லக்ஸ் மேல் வீண்பழி விழும்.

கிரிப்ட்செட்டப் சொல்லும் 150, டிஸ்கைத் தொடாமல் ரேமுக்குள்ளேயே ஒரே கோரில் கணக்குப் போட்டுப் பார்த்தது. உண்மையில் எழுதும்போது வேலை கோர்களுக்குப் பிரிந்து போகும், அதனால் அதைவிடக் கூடவும் வரலாம். எஃப்ஐஓ என்ற டிஸ்க் சோதனைக் கருவியைப் போட்டு, ரேமில் தேங்காமல் நேரே டிஸ்குக்குப் போக டைரக்ட் 1 என்று வைத்து, ரேமைப்போல இரண்டு மடங்கு, அதாவது 16 ஜிபி பைலை இரண்டு பகுதியிலும் எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகு பேசுவோம்.

நைட் ஷிப்ட், தலவாக்கலை:
அக்கா சொன்னதோடு இன்னொன்று. சிபியூவின் விவரம் காட்டும் எல்எஸ்சிபியூ ஓட்டி, ஃபிளாக்ஸ் வரிசையில் "ஏஇஎஸ்" இருக்கிறதா பாருங்கள். ஏஇஎஸ் என்பது லக்ஸ் போடும் என்கிரிப்ஷன் கணக்கு, அதற்கென்று சிபியூவில் தனி வசதி இருந்தால் அந்தப் பெயர் வரும். இருக்காது. இரண்டாம் தலைமுறை ஐ3-க்கு இன்டெல் அதைக் கொடுக்கவில்லை, எல்லாக் கணக்கையும் சிபியூ கையால் போடுகிறது. கரண்ட் போனதும் 150 பாதியாக இறங்கியதும் அதனால்தான்: பெட்டரிக்கு மாறியதும் சிபியூவின் வேகத்தை லெப்டொப் குறைத்துவிட்டது. சார்ஜரில் ஓடியதையும் பெட்டரியில் ஓடியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

லக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்டிஎஸ் முறையில் சாவி இரண்டாகப் பிரியும். சாவி 512 பிட் என்றால் உள்ளே ஏஇஎஸ் 256, அது 14 சுற்றுக் கணக்கு. 256 பிட் சாவி கொடுத்தால் ஏஇஎஸ் 128, 10 சுற்றுத்தான். உங்கள் தேவைக்கு அதுவே தாராளம். இந்த மாதிரி சிபியூக்களுக்காகவே 2018-இல் கூகுள் வெளியிட்ட அடியாண்டம் என்று ஓர் என்கிரிப்ஷன் முறை இருக்கிறது, லினக்ஸ் கேர்னலில் 5.0 முதல் உண்டு. மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் வெளியே ஒரு கொப்பி எடுத்துவிடுங்கள். இங்கே கரண்டை நம்பி ஒரு வேலையும் தொடங்க முடியாது.

மல்லியப்பு சந்தி:
ஏஇஎஸ் இல்லைதான். சார்ஜரைக் குத்திக்கொண்டு எஃப்ஐஓ ஓட்டினேன்: திறந்த பகுதியில் நொடிக்கு 380 எம்பி, பூட்டிய பகுதியில் 240. அக்கா சொன்னபடியே 150-க்கு மேல் வந்தது. பிறகு போயா (பௌர்ணமி) லீவில் கடையை மூடிவிட்டு, கொப்பி எடுத்து, ஏஇஎஸ் 128-க்கு மாற்றினேன். இப்போது 320.

வேடிக்கை என்னவென்றால் அந்த ஸ்கேன் போல்டர் 48-இலிருந்து 44 நொடிக்குத்தான் இறங்கியது. உள்ளே கிடப்பது பத்தாயிரத்துச் சொச்சம் குட்டி பைல்கள், நேரம் அதிலேதான் போகிறது போல. கரண்ட் போனால் வேகம் இன்னமும் பாதிக்கு இறங்குகிறது. அந்த நேரம் போட்டோகொப்பி மெஷினும் ஓடாது என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கொத்மலைக்காரன்:
அப்போ டூப்ளிகேட் இல்லையா அண்ணே?

மல்லியப்பு சந்தி:
இல்லை தம்பி. நல்ல வேளை, பில்லை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.